யாருடைய தோளில் பறை? தாளக்கருவிகளைப் படம்பிடிப்பது குறித்து

நான்கு ஆண்டுகளாக எடுத்துச் சேர்த்த தாளக்கருவிப் படங்களை ஒரு நாள் முதுகலை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினேன். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருவிலும், அவிநாசி, பல்லடம் பக்கத்து ஊர்களின் மாரியம்மன் நோம்பிகளிலும் எடுத்தவை. பறை, துடும்பு, உருமி, பம்பை, உடுக்கை. நன்றாக வந்திருக்கின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் போட்டதும் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ஏனுங்க மேம், இத்தனை படத்துல ஒரு பொம்பள கைகூட இல்லீங்களே?"

வீட்டுக்கு வந்து படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெண்கள் இல்லாமல் இல்லை. பூவோடு ஏந்தி வருகிறவள் இருந்தாள். மாவிளக்குத் தட்டுடன் ஒருத்தி. இடுப்பில் குழந்தையுடன் திண்ணையோரம் நின்று பார்க்கிறவள். மேளக்காரர்களுக்குத் தண்ணீர்ச் செம்பு நீட்டும் ஒரு கை. எல்லாரும் ஓரத்தில், மங்கலாக. கருவியின் மீது குவியம் வைத்தால் பின்னால் இருப்பது மங்கும், அது கேமராவின் இயல்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் குவியத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தது கேமரா இல்லை. அந்தப் பெண்களை மங்கலாக்கியது நான். பெண் உடல், பெண் மொழி என்று இருபது ஆண்டுகளாகக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிற நான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் தாமதமான பதில்.

*

எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒலிக்குப் பஞ்சமில்லை. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிகளில் மிஷின் ஓடத் தொடங்கினால் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொன்றும் தன் குரலில் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் விழும் அமைதிதான் விநோதமாக இருக்கும். அப்படியொரு ஞாயிறில், கம்பம் நட்ட கோயிலில் இருந்து பறை கேட்டது. கையில் புதிதாக வாங்கிய கேமரா இருந்தது. போனேன்.

குச்சி தோலைத் தொடும் அந்த நொடியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய ஆசை. ஷட்டரை வேகமாக வைத்தால் குச்சி காற்றில் உறைந்து நின்றது. துல்லியமான படம், ஆனால் ஊமைப் படம். பறை யார் வீட்டுச் சுவரிலோ மாட்டிய தட்டைப் போலக் கிடந்தது. ஷட்டரை மெதுவாக்கினால் கை புகைபோலக் கலைந்தது. அதைப் பார்த்தவர்கள் 'என்ன வேகம்' என்று பாராட்டினார்கள். அந்த வேகம் என் கேமராவின் வேகம், அடித்தவருடையது இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவதோ நான்காவதோ வாரம், குழுவில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடி விழறதைப் புடிக்கோணும்னு நிக்கறீங்க. அது அதுக்குள்ள போயிருமுங்க. கை மேல போறப்பவே கணக்குப் பண்ணிப் பழகுங்க." பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே அடியைச் சொல்லிக் காட்டினார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றுதான் கேட்கத் தொடங்கினேன். பறை அடிப்பவரிடம் இரண்டு குச்சிகள் உண்டு. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. படத்தில் எப்போதும் வலக்கைதான் ஓங்கித் தெரியும். இடக்கை பறையின் விளிம்பைப் பிடித்தபடி சும்மா இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் கருவியைத் தாங்குவதும், மெல்லிய குச்சியை விரலால் சுண்டி அடிகளுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்புவதும் அந்தக் கைதான். சப்பரத்து அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் தெரிந்துகொள்வது இடக்கையைக் கவனிக்கிற காதுதான். தாளத்தை ரசிப்பது என்றால் ஓங்கிய கையைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். தாங்குகிற கையைப் பார்க்கத் தெரிந்தபோது ரசனை என்ற சொல்லின் பொருளே எனக்குக் கொஞ்சம் மாறியது.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரிடமிருந்தே தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூடுதல். அவர் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினார். என் பாட்டி இறந்தபோது எங்கள் வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்று அடித்தவர்களை எங்கள் வீட்டுச் சிறுவர்கள்கூட 'வா, போ' என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சிறுவர்களில், சிறுமிகளில், நானும் ஒருத்தி. என் முதல் படத்தை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே எனக்கான சட்டகம் தயாராகிவிட்டது. அடிப்பவர் எங்கே நிற்க வேண்டும், நான் எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதைச் சாதி முன்பே அளந்து வைத்திருந்தது.

*

பறையின் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' மனிதர்களை வகைமாதிரிகளாக நிறுத்திப் படமெடுத்த காலத்தின் நூல். மண்டையோட்டையும் மூக்கையும் அளந்த கை, கேமராவையும் பிடித்தது. அந்தப் பார்வையில் கருவி என்பது சாதியின் அடையாள அட்டை.

இன்றைய படம் அதற்கு நேர் எதிரானதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மாநாட்டுச் சுவரொட்டிகள், நாட்காட்டிகள், டீ-சர்ட்டுகள். எங்கள் ஊரிலேயே அச்சாகிற டீ-சர்ட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்னால் தீ எரிகிறது. திறந்த மார்புடன் ஓர் ஆண் ஒரு காலைத் தூக்கி ஆடுகிறான். நரம்பு புடைத்த கை. கீழே 'ஆதி இசை', 'தமிழன் இசை' என்று ஏதாவது ஒரு வரி. இந்தப் படம் பிறந்ததற்குப் பின்னால் நியாயமான போராட்டம் இருக்கிறது. சாவுக்கும் சாட்டுக்கும் கட்டாய ஊழியமாக அடிக்க மாட்டோம் என்று கருவியைக் கீழே போட்டவர்கள் உண்டு. அதையே கலையாக, உரிமையாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டும் விடுதலைச் செயல்கள்தான். மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்த நெடிய வழக்கில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது.

ஆனால் சுவரொட்டியில் இருப்பது தமிழன். அந்த 'ன்' விகுதியை நாம் இலக்கணமாக மட்டும் கடந்துபோகிறோம். இழிவிலிருந்து மீட்கப்பட்ட கருவி நேராக வீரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது. ஓங்கிய வலக்கையே மீண்டும் படமாகிறது. தாங்கும் கை மீண்டும் விடுபடுகிறது.

*

தமிழ் படித்தவள் என்ற முறையில் நான் இதைச் சுவரொட்டிக்காரர்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது. அவர்களுக்கு முன்பே நாங்கள் பட்டியல் போட்டுவிட்டோம்.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில், யாழ் இவற்றோடு பறை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. பிற்கால இலக்கணங்களும் உரைகளும் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பெயர் சொல்கின்றன. பறை ஒரு சாதிக்குரிய பொருளாகச் சுருங்காமல் நிலத்துக்குரிய பொருளாக இருந்ததன் தடயம் இது என்று வகுப்பில் பெருமையோடு சொல்வேன். அதே மூச்சில் புறநானூற்று 335ஆம் பாட்டுக்கு வருவேன். மாங்குடி கிழார் அங்கே நான்கு குடிகளைச் சொல்கிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். நால்வரும் 'ன்'. குடி என்று சொல்லும்போது அதில் பெண்ணும் அடங்குவாள் என்று உரையாசிரியரைப் போல நானும் சமாதானம் சொல்லிக் கடந்திருக்கிறேன்.

'மலைபடுகடா'மின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, தூம்பு, தட்டை, பதலை என்று கருவிகள் வரிசையாக வரும். கூத்தர்கள் அவற்றைப் பையில் கட்டித் தோளில் தொங்கவிட்டு நடக்கிறார்கள். பையின் புடைப்புகள் பலாக்காய்க் கொத்துப்போல இருக்கின்றன. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தக் கருவிகளுக்கு ஓர் இயல் ஒதுக்கினேன். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காகப் பிரித்தேன். எந்த நூலில் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போட்டேன். யாருடைய கையில் என்று ஒரு பத்தி போடவில்லை. என் ஆய்வேடும் நான் எடுத்த படங்களும் ஒரே மாதிரி இருப்பது தற்செயல் இல்லை.

அந்த அட்டவணையில் பதலைக்குச் சான்றாகப் புறநானூற்று 103ஆம் பாட்டைக் குறித்திருந்தேன். வெறும் எண்ணாக. மாணவியின் கேள்விக்குப் பிறகு அந்தப் பாட்டை மறுபடி எடுத்தேன். ஔவையார் பாடியது. காட்டு வழியில் ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். அவள் சுமந்து வந்ததில் ஒரு பக்கம் பதலை தொங்குகிறது, மறுபக்கம் சிறு முழவு. கையில் வளைகள் சிலவே. சோற்றுக் கலம் கவிழ்ந்து கிடக்கிறது. அதை நிமிர்த்தப்போகிறவர் யார் என்று கேட்கிறாள். அதியமானிடம் போ, அவன் அருகில்தான் இருக்கிறான் என்று ஔவை வழி சொல்கிறார்.

இந்தப் பாட்டை அதியமானின் கொடைச் சிறப்புக்காகத்தான் நாம் படிக்கிறோம், படிக்க வைக்கிறோம். ஒரு முறை அதைப் புகைப்படமாகப் பாருங்கள். நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் தோள். இரண்டு பக்கமும் இரண்டு தாளக்கருவிகள். அவள் அடித்தாளா, ஆட மட்டும் செய்தாளா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் கருவியின் எடை அவளுடையது, பசியும் அவளுடையது. அந்த எடையையும் பசியையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துக் காட்டியவர் ஒரு பெண் புலவர். ஔவை குவியத்தைச் சரியாக வைத்திருக்கிறார். மங்கலாக்கியது பிறகு வந்த எங்கள் வாசிப்பு.

*

இதே சமயத்தில் என் கல்லூரித் தோழி ஒருத்தி ஜாவாவுக்குப் போய்விட்டு வந்தாள். யோக்யகர்த்தாவில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே கேமராப் பைத்தியம். காமெலான் என்ற அவர்களுடைய கருவித் தொகுதியின் படங்கள் அவை. செதுக்கிய மரச்சட்டத்தில் வரிசையாக வெண்கலப் பட்டைகள், குமிழ் வைத்த சட்டிகள், ஆள் உயரத் தாங்கியில் தொங்கும் பெரிய கோங்கு. அழகான படங்கள். ஒன்றில்கூட ஆள் இல்லை.

அது அவள் தவறு மட்டும் இல்லை. 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்ட ஆங்கிலேயர் ராஃபிள்ஸ், 1817இல் வெளியிட்ட 'ஜாவாவின் வரலாறு' நூலிலேயே காமெலான் கருவிகள் ஆளற்ற பொருள்களாக வரையப்பட்டுவிட்டன. கருவித் தொகுதிகளை இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். கருவியைத் தனியே எடுத்து, தூசி தட்டி, வெளிச்சம் போட்டுப் பார்க்கும் பழக்கம் அருங்காட்சியகம் நமக்குத் தந்த பழக்கம். தர்ஸ்டனின் கேமராவில் கருவி சாதி ஆகியது. ராஃபிள்ஸின் நூலில் கருவி பொருள் ஆகியது.

தொலைபேசியில் பேசியபோது தோழி சொன்னது படங்களைவிட எனக்கு உதவியது. "முதல் நாள் எல்லாம் ஒரே உலோகச் சத்தமாத்தான் கேட்டுச்சு. எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னே புரியல. மூணாவது நாள்தான் அந்தப் பெரிய கோங்குக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சேன்." காமெலானில் தாளச் சுற்றின் எடை முதல் அடியில் விழுவதில்லை, கடைசி அடியில் விழுகிறது. சிறிய கருவிகள் சுற்றைப் பகுதி பகுதியாகக் குறித்துக்கொண்டே வர, பெரிய கோங்கு வந்து முடித்துவைக்கிறது. சமத்தில் தொடங்கிப் பழகிய நம் காது, முடிவில் போய் இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கருவிகளைக் குறுக்கே தாண்டிப் போகக்கூடாது என்பது அங்கே மரியாதை. தொகுதிகளுக்குப் பெயர் வைக்கிறார்கள், மூத்தவர்களுக்குரிய அடைமொழி சேர்த்து. 'கியாய்' என்றால் ஆண் பெரியவர், 'ஞாயி' என்றால் பெண் பெரியவர்.

கருவிக்கே பெண் பெயர் இருக்கிறதே, வாசிக்கும் கை பெண்ணுடையதா என்று தேடினேன். நடு ஜாவாவில் நிழற்பொம்மலாட்டக் கலைஞரின் மனைவி, கெண்டேர் என்ற வெண்கலப் பட்டைக் கருவியை வாசிப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்தில் அவர் மூச்சை அறிந்து வாசித்துத் தாங்குபவள் அவள். இசை ஆய்வாளர் சாரா வைஸ் 2006இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெண் வாசிப்பு முறையை விரிவாக ஆராய்கிறார். அது கிராமத்தைச் சேர்ந்தது, கட்டற்றது என்று பார்க்கப்பட்டது. அரண்மனையோடு சேர்ந்த ஒழுங்கான முறை ஆண் முறை எனப்பட்டது. இசைப் பள்ளிகள் வந்தபோது பாடமானது இரண்டாவது முறை. முதலாவது மெல்ல மறைந்தது. 2021இல் யுனெஸ்கோ காமெலானை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பட்டியல்களை நான் இப்போது எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். மீட்டெடுக்கும்போது எதை விட்டுவிட்டு எடுக்கிறோம் என்பது நமக்கும் ஜாவாவுக்கும் பொதுவான கேள்வி.

*

ஜாவாவில் இன்னொரு தாளமும் உண்டு. லெசுங் என்பது படகுபோல நீண்ட மர உரல். பெண்கள் அதைச் சுற்றி நின்று உலக்கையால் நெல் குத்துவார்கள். விளிம்பில், நடுவில், பக்கத்தில் என்று மாற்றி மாற்றிக் குத்தி எழுப்பும் ஒலிக்கோவைக்குத் தனிப்பெயர் உண்டு. ஆலைகள் வந்த பிறகு நெல் குத்துவது குறைந்தாலும் அந்த இசை மேடையில் நிற்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு திடுக்கிடல். நம்மிடம் வள்ளைப்பாட்டு இருக்கிறது. கலித்தொகையில் குறிஞ்சிப் பெண்கள் யானைத் தந்தத்தை உலக்கையாக, சேம்பின் இலையைச் சுளகாகக் கொண்டு குற்றியபடியே பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு வருகிறது. பாட்டை நாம் இலக்கியத்தில் சேர்த்தோம். உரலை? தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்ற என் நான்கு பெட்டிகளில் உரலுக்கு இடமில்லை. இருவர் குத்தும்போது ஒருத்தியின் உலக்கை ஏறுகையில் மற்றவளுடையது இறங்க வேண்டும். தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும், விரல் நசுங்கும். இரண்டு கைகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுக்கும் கணக்கே அங்கே தாளம். நான் மூத்த பறைக் கலைஞரிடம் நாற்பது வயதுக்கு மேல் கற்ற கணக்கு, என் பாட்டியின் கையில் எப்போதும் இருந்திருக்கிறது. நான் அதைத் தாளம் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு குழியும் இருக்கிறது. பெண்களின் உழைப்பே இசை, அவர்களுக்குத் தனியாகக் கருவி எதற்கு என்று யாராவது சொல்லிவிடக்கூடும். சொல்லியும் இருக்கிறார்கள். ராயபுரத்தில் இருந்துகொண்டு அந்தப் பேச்சை ஏற்க முடியாது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டுகிற பெண்ணின் காலில் இருப்பது அவளுடைய தாளம் இல்லை. மிஷினின் வேகத்துக்கும் ஷிப்மெண்ட் தேதிக்கும் அவள் ஓடுகிறாள். உரலடியில் இருந்த இடம் விட்டுக்கொடுக்கும் கணக்கு அங்கே இல்லை. அடுத்தவளைப் பார்க்கவே நேரமில்லை. உழைப்பின் தாளத்தைப் போற்றிவிட்டு, கலையின் தாளத்தை ஆணுக்கு விட்டுவிடும் ஏற்பாட்டுக்கு நாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

*

கையெழுத்துப் போடாத பெண்கள் இருந்திருக்கிறார்கள். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று, பெண் மிருதங்கம் வாசிப்பதை நினைத்துப் பார்க்காத காலத்தில் மேடையேறியவர். விக்கு விநாயக்ராமிடம் கற்ற சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்க உட்கார்ந்தபோது, பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்ற தாள வாத்தியக்காரர்களைச் சந்திக்க நேர்ந்தது. அவர் ஒதுங்காமல் கடங்களையே முன்னணி இசையாக வைத்துப் பெண்கள் குழுவை அமைத்தார். அந்தக் கடத்துக்கு மண் பிசைந்து, தட்டித் தட்டி ஒலி ஏற்றும் மானாமதுரை மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் 1990களிலிருந்து பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். சாதியும் ஆண்மையும் சேர்ந்து பூட்டிய கதவை அவர்கள் ஒரே அடியில் தட்டினார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அத்தோடு மகிழ்ந்து முடித்துவிடலாம் என்றால், அதே 2024இல் இன்னொரு காட்சியும் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. கொங்குப் பகுதியில் நடந்த கும்மி நிகழ்ச்சி ஒன்றில், சொந்தச் சாதியில்தான் திருமணம் செய்துகொள்வோம் என்று பெண்பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்த காணொளி அது. ஒரே நிறச் சேலை, வரிசை பிசகாத கால்கள். ட்ரோனில் எடுத்தால் கண்ணுக்கு விருந்து. சட்டகம் முழுக்கப் பெண்கள். குவியம் துல்லியம். யாரும் மங்கலாக இல்லை.

என் மாணவியின் கேள்வியை அன்று நான் விரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. படத்தில் பெண் இருக்கிறாளா என்பதோடு நிற்க முடியாது. அந்தத் தாளத்தை வைத்தது யார்? அதை நிறுத்த அவளால் முடியுமா? வரிசையிலிருந்து விலகி இன்னொரு வீட்டுப் பையனின் கையைப் பிடித்தால் அவளுக்கு என்ன நடக்கும்? ஆணவக் கொலைகளின் செய்தியைப் படித்தபடி காலை டீ குடிக்கிற ஒரு வட்டாரத்தில் இருந்துகொண்டு, இவை அழகியலுக்கு வெளியே உள்ள கேள்விகள் என்று நான் சொல்ல மாட்டேன்.

*

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் கேள்வி கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தாத்தா பறை அடித்தவர். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். இவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவிடம் பறை கற்றுக்கொண்டிருந்தாள், வீட்டுக்குத் தெரியாமல். கல்லூரி விழாவில் அடிக்க விரும்பினாள். அதற்கு முன் அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்றாள்.

பேசப் போனேன். பறை எவ்வளவு தொன்மையானது, இன்று அதற்கு எவ்வளவு மதிப்பு, பத்மஸ்ரீ, பல்கலைக்கழகம் என்று என் வகுப்பறைச் சரக்கை எல்லாம் இறக்கினேன். மகள் கற்றுக்கொண்டிருப்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கித் தந்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு அது கலைங்க மேடம். எங்கப்பனுக்கு அது, கூப்பிட்டா சோத்தைப் பாதியில வெச்சுட்டு ஓட வேண்டிய வேலைங்க. அந்தக் குச்சிய நான் தொடக்கூடாதுன்னுதான் என்னைய பன்னெண்டு வயசுல கம்பெனிக்குக் கூட்டியாந்தாரு."

எனக்குப் பதில் இல்லை. பெண்ணைத் தடுக்கும் தந்தை என்ற ஆயத்த வார்ப்பு என் கையில் இருந்தது, அவர் அதில் பொருந்தவில்லை. அவர் மறுப்பதற்குள் ஒரு போராட்டம் இருக்கிறது. அவள் விரும்புவதற்குள்ளும் ஒரு போராட்டம் இருக்கிறது. கருவியைக் கீழே போட்டவரின் மகன், அதைக் கையில் எடுத்தவளின் தந்தை. இரண்டு விடுதலைகளும் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. என் நான்காண்டு ரசனைக்கு அங்கே கொடுக்க வேண்டிய விலை எதுவும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனேன். சருகும் அட்டையும் போட்டுத் தீ மூட்டிப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனிக்கும் ஈரத்துக்கும் தோல் தளரும், சூடேறினால்தான் இறுகிக் குரல் வரும். அவள் தன் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, அடிக்குச்சியைத் தேடப் போகும்போது, "கொஞ்சம் புடிங்க மேம்" என்று என்னிடம் நீட்டினாள். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாகப் பறையின் தோல் என் கையில் பட்டது. வெதுவெதுவென்று இருந்தது. எடை நான் நினைத்ததைவிடக் குறைவு. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இடக்கையால் விளிம்பை அணைத்துக்கொண்டு நின்றேன். கேமரா முதுகுப் பக்கம் தொங்கியது.

அவள் அரை மணிநேரம் அடித்தாள். இரண்டு இடங்களில் தப்பினாள், நின்று மறுபடி தொடங்கினாள். முடிந்ததும், "ஒரு படம் எடுங்க மேம். ஆனா மொகம் வேண்டாங்க. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும்" என்றாள். முகமில்லாத படங்களைப் பற்றி இவ்வளவு யோசித்தவள் முகமில்லாத படம் ஒன்றை எடுத்தேன். வார்ப்பட்டை அழுத்திச் சிவந்த இடது தோள், விளிம்பைத் தாங்கிய இடக்கை, சிண்டுக்குச்சி.

அவள் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. அதனால் இந்தக் கட்டுரையோடு படம் எதுவும் இல்லை.